செயின்சாவில் செயின் தொய்ந்துகொண்டே இருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் சீமைக்கருவேலம் வெட்ட பெட்ரோல் செயின்சா வாங்கியிருக்கிறோம். கொஞ்ச நேரம் ஓடினாலே செயின் தொய்ந்து பாருக்கு (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) அடியில் தொங்குகிறது. சூட்டில் நீளும், ஆறிய பிறகுதான் இறுக்க வேண்டும் என்பது தெரியும். இன்ஜினை அணைத்து, கையுறை போட்டு, பார் நட்டைத் தளர்த்தி, நுனியைத் தூக்கிப் பிடித்தபடியே டென்ஷன் ஸ்குரூவைத் திருகுகிறேன். கையால் இழுத்தால் செயின் தடையில்லாமல் நகர்கிறது. அப்புறமும் இதே கதை.

தூளும் சில்லு சில்லாக விழாமல் மாவாக வருகிறது, பல் மழுங்கிவிட்டது போல. (கருவேலம் மரமா, இரும்பா!) நுனியை வெள்ளை அட்டைக்கு நேராகக் காட்டி ஓட்டினால் ஆயில் கோடு விழ வேண்டும் இல்லையா? ஒரு சொட்டுகூட விழவில்லை. ஆயில் துளை அடைப்பா, செயினை ஓட்டும் பல்சக்கரம் (ஸ்ப்ராக்கெட்) தேய்மானமா? எதை முதலில் பார்ப்பது? பல் தீட்ட உருண்டை அரம் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கிடைக்குமா அண்ணன்மார்களே?