எழுத்தில் தூங்கும்போதும் வரும் காசு: சிங்கப்பூரில் நடக்கிற கதையா?

பொங்கோல் பேனா:
யாரிடமும் மாதச் சம்பளம் வாங்காமல் எழுதிப் பிழைக்கிறவர்கள் இங்கே பல பேர் இருக்கிறோம். ஒரு கடைக்குச் சமூக ஊடகப் பதிவு, இன்னொருவருக்கு விளம்பர வாசகம், நடுவில் ஒரு துண்டுப் பிரசுர மொழிபெயர்ப்பு என்று ஓடுகிறது. எழுதினால் காசு, எழுதாவிட்டால் இல்லை. காய்ச்சலில் படுத்த வாரம் கணக்கில் ஒன்றும் விழாது. முதலாளி போடும் மத்திய சேம நிதிப் பங்கும் நமக்குக் கிடையாது.

அதனால்தான் சொல்கிறேன், நேரத்தை விற்பதோடு நிற்கக் கூடாது. ஒருமுறை எழுதியது திரும்பத் திரும்பக் காசு கொண்டுவரும்படி ஒரு ஏற்பாடு வேண்டும். பேசிவ் வருமானம் என்கிறார்களே, அதுதான். மின்னூல், கட்டணச் செய்திமடல், மாணவர்களுக்கான பயிற்சித் தொகுப்பு, சொந்தத் தளம், எதுவானாலும் சரி. அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் 2016 முதல் தமிழ் மின்னூல்களை ஏற்கிறது. தளத்தில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது. கதவு திறந்து இத்தனை வருஷமாகியும் நம்மில் பலர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பிடோக் கணக்கு:
அக்கா, ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஆசையைச் சொல்கிறவர்கள் கணக்கைச் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

2.99 அமெரிக்க டாலர் விலையில் ஒரு மின்னூல் போடுகிறீர்கள். அமெரிக்காவில் இருக்கும் தமிழர் ஒருவர் வாங்குகிறார். அமேசானில் 70 விழுக்காடு உரிமத்தொகை, அதாவது எழுதியவருக்கான பங்கு, கிடைக்க அதுதான் குறைந்தபட்ச விலை. 9.99க்கு மேல் வைத்தாலும் 35க்கு இறங்கிவிடும். கோப்பு ஒரு மெகாபைட் என்றால் அனுப்பும் செலவு என்று 15 காசு கழிப்பார்கள். மிச்சம் 2.84, அதில் 70 விழுக்காடு ஏறக்குறைய 1.99. அப்புறம் வரி. சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இரட்டை வரி உடன்பாடு கிடையாது, அதனால் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தை அனுப்புவார்கள். கைக்கு வருவது 1.39. இதே எழுத்தாளர் இந்தியாவில் வரி கட்டுகிறவர் என்றால் அந்த நாட்டு உடன்பாட்டின்படி 15 விழுக்காட்டோடு போயிருக்கும்.

அதே நூலைத் தெம்பனிசில் இருப்பவர் வாங்கினால்? 70 விழுக்காடு தரும் நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை, 35தான். இந்தியாவில் விற்று 70 வேண்டும் என்றால் அமேசானுக்கு மட்டுமே நூலைக் கொடுக்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும் விற்க முடியாது. பணமும் உடனே வராது, மாதம் முடிந்து சுமார் 60 நாள் ஆகும்.

தமிழில் காசு கொடுத்து வாங்கும் வாசகர்கள் தமிழ்நாட்டில்தான் அதிகம். அங்கே விலை ரூபாயில், இங்கே வாடகை சிங்கப்பூர் வெள்ளியில். இந்த இடைவெளியைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

நல்ல வாடிக்கையாளர்களாகத் தேடிப் பிடியுங்கள், கட்டணத்தை உயர்த்துங்கள், மிஞ்சும் காசைச் சேமியுங்கள் என்பதுதான் என் கட்சி. 55 வயதுக்குக் கீழே இருப்பவர் மத்திய சேம நிதியின் (மசேநி) சிறப்புக் கணக்கில் ரொக்கமாக நிரப்பினால் 4 விழுக்காடு வட்டி, ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வரிக்கழிவும் உண்டு. அவசரத்துக்கு எடுக்கும்படி வேண்டுமென்றால் அரசாங்கம் வெளியிடும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம், 500 வெள்ளியிலிருந்தே வாங்கலாம். உட்கார்ந்த இடத்தில் வரும் காசு அதுதான்.

உட்லண்ட்ஸ் மணி:
வலைத்தளம் வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லணும். ஒருமுறை எழுதினால் போதும் என்பது நடப்பதில்லை. தொடக்கநிலை 1 பள்ளிப் பதிவு பற்றி விளக்கமாக ஒரு கட்டுரை எழுதியிருந்தேன், நிறையப் பெற்றோர் படித்தார்கள். பதிவு கட்டம் கட்டமாக நடக்கும். 2022இல் 2ஏ1, 2ஏ2 கட்டங்களை ஒன்றாக்கினார்கள், பள்ளியோடு முன்தொடர்பு இல்லாதவர்களுக்கான 2சி கட்டத்துக்கு ஒதுக்கும் இடங்களை 20இலிருந்து 40 ஆக்கினார்கள். கட்டுரையை அடியிலிருந்து மாற்றி எழுத வேண்டியதாயிற்று. மாற்றாமல் விட்டால் பிள்ளையைச் சேர்க்க வரும் ஒரு தாய் தப்பான தகவலை நம்பிப் போவார். அது பாவம் இல்லையா?

தேடுபொறியில் மேலே வருவதும் நம் கையில் இல்லை. கூகுள் 2024 மார்ச்சில் விதிகளை இறுக்கியபோது எத்தனையோ தளங்கள் ஆட்டம் கண்டன. ஆனாலும் தளம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதைப் படித்துவிட்டு வேலை கொடுக்கக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விளம்பரத்தில் வருவதைவிட எனக்கு அப்படி வருவதுதான் அதிகம்.

யீஷூன் வாத்தியார்:
எல்லாரும் தளத்தையும் விலையையும் பற்றியே பேசுகிறீர்கள். எழுதியது யாருடையது என்று யாரும் கேட்கவில்லையே!

நான் துணைப்பாட வகுப்பு எடுத்துக்கொண்டே பயிற்சிப் புத்தகங்கள் எழுதுகிறவன். ஒரு பதிப்பகம் அனுப்பிய ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில், சின்ன எழுத்தில், ‘இப்படைப்பின் அனைத்து உரிமைகளும், இனி உருவாகக்கூடிய எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதற்கும், பதிப்பகத்துக்கே’ என்று இருந்தது. கொடுப்பதாகச் சொன்னது ஒரே ஒரு மொத்தத் தொகை. அந்தப் புத்தகம் பத்துப் பதிப்பு கண்டாலும் எழுதியவருக்கு அதற்குமேல் ஒரு காசு கிடையாது. செயலியாக வந்தாலும் கிடையாது, ஒலிவடிவில் வந்தாலும் கிடையாது. இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பேசிவ் வருமானம் எப்படி என்று தேடினால் எங்கிருந்து வரும்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அந்த வருடம் நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்தது. ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கிறவருக்கு, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, அவர் எழுதியது அவருக்கே. வாய்வார்த்தையில் உரிமை கைமாறாது, எழுதிக் கையொப்பமிட்டால்தான் மாறும். படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது நம் பெயரைப் போட வேண்டும் என்ற உரிமையும் அந்தச் சட்டத்தில் புதிதாக வந்தது. உரிமை நம் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு 70 ஆண்டுக்கும் நிற்கும். பிள்ளைகளுக்கு விட்டுப்போகக்கூடிய சொத்து இது. அதை ஒரு மாத வீட்டு வாடகை அளவு காசுக்குக் கொடுத்துவிடுகிறோமே என்றுதான் வயிறு எரிகிறது.

பிடோக் கணக்கு:
ஐயா, நீங்கள் சொல்வது புத்தகம் எழுதுகிறவருக்குப் பொருந்தும். அக்கா சொன்ன வேலைகளைப் பாருங்கள். ஒரு துணிக்கடையின் தீபாவளித் தள்ளுபடிப் பதிவை எழுதிவிட்டு அதன் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த மாதம் அதற்கு விலையே இல்லை. அப்புறம், பேரம் பேசும் பலம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்காது. புதிதாக வந்தவர் உரிமையைத் தர மாட்டேன் என்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பொங்கோல் பேனா:
தம்பி, தள்ளுபடிப் பதிவின் உரிமையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், அதற்காக நான் சண்டை போடச் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. நம் எழுத்தில் எதற்கு ஆயுள் அதிகம் என்று பிரித்துப் பார்க்கிறோமா? சிறுவர் கதை, பயணத் தொடர், பழைய சிராங்கூன் ரோட்டுக் கடைகளைப் பற்றிய கட்டுரைகள், பட்டறைக்காகத் தயாரித்த பயிற்சித்தாள், இவை பத்து வருஷம் கழித்தும் படிக்கப்படும். இவற்றை ஒருமுறை வெளியிட மட்டும் அனுமதி கொடுத்தால் பிறகு தொகுத்து நூலாக்கலாம். நூலுக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக வாரியம் இலவசமாகவே தருகிறது. அச்சில் வந்தால் நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதி அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிகளிலும் மற்ற இடங்களிலும் நகலெடுப்பதற்குக் கட்டணம் வாங்கி உரிமையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்க கிளாஸ் என்ற பதிப்புரிமை அமைப்பும் இங்கே இருக்கிறது.

நீங்கள் போட்ட கணக்கு சரி, ஒரு காசு கூட மறுக்கவில்லை. ஆனால் அது அமேசான் கணக்கு. பயிற்சித் தொகுப்பை நேராகப் பெற்றோருக்கு விற்றால் வங்கிக்கு நேரே பணம் அனுப்பும் பேநவ் மூலம் முழுத் தொகையும் நம் கணக்குக்கே வருகிறது. 30 விழுக்காடு பிடிப்பவரும் இல்லை, 60 நாள் காத்திருப்பும் இல்லை. சிங்கப்பூர் வாசகருக்கு வெள்ளியில் விலை வைத்தால் அந்த ரூபாய் இடைவெளியும் போய்விடும். வாசகர் வட்டம் சிறியதுதான். சிறியது என்பதற்காக அதை விட்டுவிட்டால் நம் பிள்ளைகளுக்கு இந்த ஊர்ப் பேருந்தும் உணவங்காடியும் வரும் கதையை யார் எழுதுவார்கள்?

யீஷூன் வாத்தியார்:
பயிற்சித் தொகுப்பு போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய தேர்வுத்தாளிலும் பாடநூலிலும் உள்ள கேள்விகளை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. சொந்தமாகப் பத்திகள் எழுதி, சொந்தமாகக் கேள்வி கேளுங்கள்.

மல்லி:
எல்லாருக்கும் வணக்கம். நான் டிபெண்டன்ட் பாஸில், அதாவது இங்கே வேலை செய்பவரின் குடும்பத்தாருக்கான அனுமதியில், இருக்கிறேன். ஊரில் இருந்தபோது பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே வீட்டிலிருந்தபடி மின்னூல் போடலாமா, கட்டுரைக்குக் காசு வாங்கலாமா என்று யாரிடம் கேட்பதென்றே தெரியவில்லை. இதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பிடோக் கணக்கு:
மல்லி, கேட்டது ரொம்ப நல்லது. 2021 மே 1 முதல் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் இங்கே வேலை செய்ய வேண்டுமென்றால் தனியாக வேலை அனுமதி வேண்டும். முன்பு மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதத்தோடு வேலை செய்ய இருந்த வழி, சொந்தத் தொழில் நடத்தி உள்ளூர்க்காரரை வேலைக்கு வைப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இல்லை. உங்கள் மின்னூல் வருமானம் இதில் எப்படி வரும் என்பதை மனிதவள அமைச்சிடம் எழுத்துமூலம் கேட்டு, பதில் வந்த பிறகு ஒரு வெள்ளி வாங்கினாலும் வாங்குங்கள். முகநூலில் யாரோ பரவாயில்லை என்று சொன்னதை நம்பிக் குடும்பத்தின் அனுமதியைப் பணயம் வைக்காதீர்கள்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒன்று கவனியுங்கள். தொழிலில் செலவு போக நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மசேநியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்குப் பங்கு கட்ட வேண்டும். உரிமத்தொகையும் வருமானம்தான். ஏப்ரல் 18க்குள் இணையத்தில் வரி தாக்கல் செய்யும்போது அதையும் காட்டுங்கள்.

அக்கா, நேரடி விற்பனை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பெற்றோரைத் தேடிப் பிடிப்பது, கேள்விக்குப் பதில் சொல்வது, கோப்பு திறக்கவில்லை என்றால் மறுபடி அனுப்புவது, இதெல்லாம் வேலைதானே? அதைப் பேசிவ் என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டாவது தொழில் என்று சொல்லிச் செய்தால் இறங்குகிறவர் ஏமாற மாட்டார்.

பொங்கோல் பேனா:
எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள் தம்பி. காய்ச்சலில் படுத்த வாரத்திலும் கணக்கில் கொஞ்சம் விழுந்தால் எனக்குப் போதும்.

மல்லி:
ரொம்ப நன்றி அண்ணா, அமைச்சுக்கு எழுதிக் கேட்கிறேன். பதில் வரும்வரை எழுதி வைக்கிறேன், விற்கவில்லை. வாத்தியார் ஐயா, ஒருமுறை வெளியிட மட்டும் அனுமதி என்பதை எப்படி எழுதுவது? மாதிரி இருந்தால் போடுங்கள்.

யீஷூன் வாத்தியார்:
நான் எழுதுவது இப்படி: ‘இப்படைப்பைத் தங்கள் இதழில் ஒருமுறை வெளியிட மட்டும் அனுமதி அளிக்கிறேன். பதிப்புரிமை என்னிடமே இருக்கும். நூலாக்குவது, மொழிபெயர்ப்பது, ஒலிவடிவமாக்குவது ஆகியவற்றுக்குத் தனியே பேசிக் கட்டணம் முடிவு செய்ய வேண்டும்.’ மின்னஞ்சலில் அனுப்பி, சம்மதம் என்று பதில் வந்த பிறகுதான் கட்டுரையை அனுப்புவேன்.

பிடோக் கணக்கு:
அதோடு ‘வெளியான 30 நாளுக்குள் பணம்’ என்று ஒரு வரி சேருங்கள் ஐயா. தராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், அதை மட்டும் தவறவிடாதீர்கள்.