சாகோஸ் வழக்கு: மூல ஆவணங்களைத் தேடிய அனுபவம்

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு சித்தி:

என் அக்கா மகள் ரெதுயியில் சட்டம் படிக்கிறாள். 1965-இல் பிரிட்டன் மொரிஷியஸிலிருந்து பிரித்தெடுத்த சாகோஸ் தீவுகள் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தவள் முதலில் கேட்டது, "சித்தி, நம்ம நாடு பிரிட்டன் மேல் நேராகவே கேஸ் போட்டிருக்கலாமே?" நம் ஊரில் பலருக்கும் இருக்கிற கேள்விதான்.

நாங்கள் பார்த்த செய்திகளில் பதில் இல்லை. 2019 பிப்ரவரி 25 அன்று ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து (யாரையும் கட்டுப்படுத்தாத கருத்து) சொன்னது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது ஏன் தீர்ப்பாக வரவில்லை என்பதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

விடை நீதிமன்றத்தின் இணையதளத்தில், பலர் திறந்தே பார்க்காத ஒரு பக்கத்தில் இருந்தது. ஒரு நாட்டை அதன் சம்மதம் இல்லாமல் அங்கே இழுக்க முடியாது. அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்த நாடுகளின் பிரகடனங்கள் அந்தப் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. பிரிட்டனின் பிரகடனம் காமன்வெல்த்தில் உறுப்பினராக இருக்கும் நாடுகளோடும், முன்பு இருந்த நாடுகளோடும், 1987-க்கு முந்தைய நிலைமைகள் பற்றி வரும் தகராறுகளை விலக்கி வைக்கிறது. சரி, கதவு அங்கேயே அடைபட்டுவிட்டது!

"முன்பு இருந்த" என்ற வார்த்தை எப்போது வந்தது? இணையத்தில் நாங்கள் பார்த்தது இன்றைய வாசகத்தை மட்டும்தான். போர்ட் லூயிஸில் தெரிந்த ஒரு வழக்கறிஞரின் அலமாரியில் நீதிமன்றத்தின் பழைய ஆண்டு நூல் ஒன்று இருந்தது. அதில் பிரிட்டனின் 1969 பிரகடனம் முழுதாக அச்சாகியிருந்தது. அதில் காமன்வெல்த்தில் உறுப்பினராக இருக்கும் நாடுகள் மட்டுமே விலக்கு. வழக்கு போடுவதற்காகக் காமன்வெல்த்தை விட்டே வெளியேறலாம் என்று நம் அரசு 2004-இல் பேசியது. அதே ஆண்டில் பிரிட்டன் வாசகத்தை மாற்றிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கோ கட்டுரையின் மையமே கிடைத்துவிட்டது.

அதன் பிறகு மற்றதெல்லாம் புரிந்தது. நேராக வழக்கு போட முடியாததால் நம் அரசு ஐ.நா. பொதுச்சபை வழியாகப் போனது. 2017 ஜூன் 22 அன்று, நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் 71/292 தீர்மானம் 94 ஆதரவு, 15 எதிர்ப்பு என நிறைவேறியது. பொதுச்சபை கேட்டதற்கு நீதிமன்றம் 13-க்கு 1 என்ற கணக்கில் பதில் சொன்னது: 1968-இல் மொரிஷியஸின் காலனி நீக்கம் சட்டப்படி முழுமையாகவில்லை.

ஐ.நா. ஆவணங்களைத் தேடும்போது சொற்களைத் தட்டுவதைவிடத் தீர்மான எண்ணைத் தட்டுங்கள். வாக்குப் பதிவும் விவாதமும் அதோடு சேர்ந்தே கிடைக்கும். நீதிமன்றக் கருத்தின் அச்சுத் தொகுதியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், நம்மைப் போலப் பிரெஞ்சு சரளமாக வருபவர்களுக்கு அது பெரிய வசதி. எந்த மொழி வாசகம் அதிகாரபூர்வமானது என்பது கடைசிப் பத்தியில் எழுதியிருக்கும், அதைப் பார்க்காமல் மேற்கோள் எடுக்க வேண்டாம்.

போர்ட் லூயிஸிலிருந்து ஒரு தம்பி:

அக்கா, நான் தேடியது நீதிமன்றத்தின் கருத்தை அல்ல, விசாரணைப் பதிவை. எங்கள் தெருவில் சாகோஸிலிருந்து வந்த ஒரு பாட்டி இருக்கிறார். சாகோஸிலிருந்து வெளியேற்றப்பட்ட லிஸ்பி எலிசே என்ற பெண் நீதிமன்றத்தில் என்ன சொன்னார் என்று அவருக்குப் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. விசாரணை 2018 செப்டம்பர் 3 அன்று தொடங்கியது. ஒவ்வொரு நாளின் பேச்சும் வரிக்கு வரி நீதிமன்றத் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. தேதி தெரிந்தால் போதும், எடுத்துவிடலாம். நாடுகள் எழுத்தில் கொடுத்த வாதங்களும் அதே வழக்கின் பக்கத்தில்தான் இருக்கின்றன. பாட்டிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எலிசே கப்பலில் ஏற்றப்பட்டதைச் சொல்லும் இடத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னார்.

அப்புறம், சாகோஸ் பற்றிப் பிரிட்டனும் மொரிஷியஸும் 2025 மே 22 அன்று கையெழுத்திட்ட புது ஒப்பந்தத்தைத் தேடுபவர்களுக்கு ஒரு விஷயம். ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தங்களைத்தான் பதிவு செய்வார்கள். அதனால் கையெழுத்தான வாசகத்தைப் பிரிட்டிஷ் அரசு தன் நாடாளுமன்றத்துக்கு அளித்த ஆவணங்களில் தேடுங்கள்.