டிவியில் கேட்ட குரலும் மொனாக்கோவில் நின்ற காரும்

1991-ல் மேல்படிப்புக்கு அமெரிக்கா வந்த புதிதில் எங்கள் அறையில் நாலு பேருக்கு ஒரு டிவி. யாரோ தெருவோரம் வைத்துவிட்டுப் போனது, மண்டையில் ஒரு தட்டு தட்டினால்தான் படம் நிற்கும். ஞாயிறு காலை குக்கரை ஏற்றிவிட்டு ஈ.எஸ்.பி.என். சானலில் கார் பந்தயம் போடுவேன். வர்ணனையாளர் டெரெக் டேலியின் குரல் அப்படித்தான் பழக்கமானது. அமெரிக்கர்கள் பேசுவது பாதி புரியாத நாட்கள் அவை. ஆனால் இந்த மனிதர் பேசினால் புரிந்தது. காரணம் எளிது: அவர் பேசியது ஐரிஷ் ஆங்கிலம், பள்ளியில் எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்தவரும் ஒரு ஐரிஷ் பாதிரியார்.

யார் இவர் என்று தெரியாமலேயே இரண்டு மூன்று வருடம் கேட்டிருக்கிறேன். முன்னால் போகிறவரைவிட, டயர் தேய்ந்து பின்தங்குகிறவரைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசியதாக ஞாபகம். அப்புறம் நண்பன் ஒருவன் 1982 மொனாக்கோ ஃபார்முலா ஒன் பந்தயத்தின் வீடியோ கேசட் கொண்டுவந்தான். அந்தக் கடைசிச் சுற்றுகளை இன்று பார்த்தாலும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. லேசான தூறல். மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது, முதலில் போன ப்ரோஸ்ட் தடுப்பில் மோதினார். அடுத்து முன்னிலைக்கு வந்த பட்ரேஸே கொண்டை ஊசி வளைவில் சுழன்று நின்றார். அவரைத் தாண்டிய பிரோனியின் கார் கடைசிச் சுற்றில் சுரங்கப்பாதைக்குள் உயிரை விட்டது. டி செசாரிஸுக்குப் பெட்ரோல் தீர்ந்தது. சரி, அடுத்து யார்? வில்லியம்ஸ் அணியின் காரில் டேலி. ஏற்கெனவே தடுப்பில் இடித்துப் பின் இறக்கையைப் பறிகொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கியர்பாக்ஸோ கடைசிச் சுற்றைத் தொடங்கும் முன்பே இறுகிப்போயிருந்தது. சுழன்று நின்ற பட்ரேஸேவோ, சரிவில் காரை உருளவிட்டுக் கிளப்பிக்கொண்டு வந்து, தான் ஜெயித்ததே தெரியாமல் ஜெயித்தார். டேலிக்கு ஆறாம் இடம், ஒரு புள்ளி.

நண்பன்தான் திரையில் விரலை வைத்து, "உன் ஞாயிற்றுக்கிழமை ஆள் இவர்தான்டா" என்றான்.

அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். டப்ளினில் டண்ட்ரம் பகுதிக்காரர், 1953-ல் பிறந்தவர். பந்தயத்துக்குக் காசில்லாமல் ஆஸ்திரேலியா போய் இரும்புத் தாதுச் சுரங்கத்தில் வேலை பார்த்துச் சேர்த்தவர். 1976-ல் பிராண்ட்ஸ் ஹட்ச்சில் ஃபார்முலா ஃபோர்டு விழாப் பந்தயத்தை ஜெயித்தார், 1977-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 பட்டம், 1978-ல் உச்சப் படியான ஃபார்முலா ஒன். அந்த வருடம் சில்வர்ஸ்டோனில் பட்டத்துக்குக் கணக்கில் வராத ஒரு பந்தயம், கொட்டும் மழை. ஹெஸ்கெத் என்ற நொடித்துக்கொண்டிருந்த அணியின் காரில் இந்தப் புதுப் பையன் கொஞ்ச நேரம் எல்லாருக்கும் முன்னால் போனான். மொத்தக் கணக்கு: 49 பந்தயம், 15 புள்ளி, வெற்றி ஒன்றுகூட இல்லை. அவர் குரலை ஏன் நம்பினேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீங்கள் யாராவது அவரை நேரிலோ திரையிலோ பார்த்திருந்தால் எழுதுங்கள்.

* * *

அண்ணா, நான் 2014-ல் மொனாக்கோ போயிருந்தேன். பந்தயம் இல்லாத நாள், சும்மா நடக்கத்தான். முதல் வளைவில் செயின்ட் டெவோட் என்ற குட்டித் தேவாலயம், அதன் எதிரே பேருந்துக்கு நிற்கிறவர்கள். டிவியில் பார்க்கிறபோது அகலமாகத் தெரிகிற இடம், நேரில் நம்ம ஊர் சந்தைத் தெரு முனை மாதிரிதான் இருக்கிறது. 1980-ல் டேலி டிரெல் அணியின் காரில் பறந்தது இங்கேதான். முன்னால் போன ஜாக்கோமெல்லியின் பின்புறத்தில் இடித்து, காற்றில் எழும்பி, ப்ரோஸ்டையும் விட்டுவைக்காமல், சொந்த அணிக்காரர் ஜாரியேயின் காரிலேயே வந்து விழுந்தார். யாருக்கும் பெரிய அடியில்லை. அணி முதலாளி கென் டிரெல்லுக்கு மட்டும் ஒரே வளைவில் இரண்டு காரும் காலி. அந்த முனையில் நின்று கைப்பேசியில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

* * *

என் கதை வேறு. பைக்கிலிருந்து விழுந்து வலது கணுக்கால் நொறுங்கி, இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நாலு மாதம் படுக்கையில் கிடந்தேன்.  அப்போதுதான் 1984 மிச்சிகன் விபத்தின் பதிவு கண்ணில் பட்டது. டேலியின் இண்டி கார் (அமெரிக்கப் பந்தயக் கார்) சுவரில் மோதி, மூக்குப் பகுதி முழுக்கப் பிய்ந்துபோய், வெறும் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டு கார் சுழல்கிறது. முதல் தடவை பார்த்தபோது பாதியில் நிறுத்திவிட்டேன். அடுத்த நாள் முழுக்கப் பார்த்தேன்.

அந்தக் காலத்து இண்டி கார்களில் ஓட்டுநரின் பாதம் முன் அச்சுக்கும் முன்னால் இருக்கும். மோதினால் முதலில் வாங்குவது கால்தான். அடிபட்டவர்கள் பட்டியலே நீளம். டேலிக்கு எத்தனையோ அறுவைச் சிகிச்சைகள். வீட்டோடு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எண்பதுகளின் நடுவிலேயே டிவி வேலையும் வந்துவிட்டது. ஆனாலும் மனிதர் திரும்ப ஓட்டினார். 1990, 1991 இரண்டு வருடமும் நிஸ்ஸான் அணியோடு செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தார். செப்ரிங் பழைய விமானத்தளம். மேடும் பள்ளமுமான அந்தக் கான்கிரீட்டில் பிரேக் மிதியை அந்தக் கால்கள் எத்தனை ஆயிரம் தடவை மிதித்திருக்கும் என்று படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூக்கம் வராதவன் வேறென்ன செய்வான்.

* * *

எல்லாரும் டேலியையே புகழ்கிறீர்களே, பெல்ஃபாஸ்ட் ஜான் வாட்சனை யார் நினைப்பது? லண்டனில் நான் கடை மூடிவிட்டு வந்து யூரோஸ்போர்ட் போட்டால் அவர் குரல்தான். தோற்றவர் சொன்னால்தான் நம்பத் தோன்றும் என்கிற உங்கள் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. வாட்சன் ஐந்து பந்தயம் ஜெயித்தவர். 1983-ல் லாங் பீச்சில் 22-ஆவது இடத்திலிருந்து கிளம்பி ஜெயித்தார், ஃபார்முலா ஒன்னில் அதற்கும் பின்னாலிருந்து வந்து இன்றுவரை யாரும் ஜெயித்ததில்லை. 1976 ஆகஸ்ட் முதல் தேதி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் சக ஓட்டுநர் நிக்கி லவ்டா விபத்துத் தீயில் வெந்து கிடந்தபோது, காரை நிறுத்தி இறங்கி வந்து அவர் தலையைத் தாங்கிப் பிடித்தவர் இவர். இரண்டே வாரத்தில் ஆஸ்திரியாவில் தன் முதல் வெற்றி. அணி முதலாளி பென்ஸ்கியோடு கட்டிய பந்தயப்படி தாடியை மழித்துக்கொண்டார். இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு, மைக் முன்னால் சத்தம் போடாமல் பேசுவார். எனக்கு அந்த அடக்கம் பிடித்திருந்தது. என் மனைவிக்குத்தான் தாலாட்டு மாதிரி இருக்குமாம்.

அப்புறம், டப்ளின்காரர் எடி ஜோர்டனும் ஓட்டுநராகத்தான் ஆரம்பித்தார். அணி நடத்தி, விற்று, பிபிசிக்கு வந்தவர். கண்ணைப் பறிக்கும் அவர் சட்டைகளைப் பற்றி எழுதினால் இன்னொரு நாள் வேண்டும்.

* * *

லண்டன் சார் சொன்னதை மறுக்கவில்லை. வாட்சனை நான் அதிகம் கேட்டதில்லை, அமெரிக்காவில் யூரோஸ்போர்ட் கிடையாது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். டேலி பிற்பாடு அமெரிக்கக் குடிமகனாகி இண்டியானாவிலேயே தங்கிவிட்டார். மகன் கானர் டேலி 1991-ல் அங்கே பிறந்தவர், நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய அதே வருடம். 2013-ல் ஃபாய்ட் அணிக்காக இண்டி 500 என்ற 500 மைல் பந்தயத்தில் முதன்முதலாக ஓட்டினார். என் பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார்கள். "டேலி" என்றதும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பையன் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அவர் முப்பத்தொன்றாவது இடத்திலிருந்து கிளம்புகிறார், எதற்கு எழுந்தீர்கள்?" என்றான். முன்வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "டெரெக்கின் பையன்," என்றார் என் மகனிடம். பிறகு காதில் பஞ்சைச் செருகிக்கொண்டார். எஞ்சின்கள் கிளம்பிவிட்டன.