மறுமொழி: ஆழ்கடல் 'கோர்' - உள்ளகமா, காழா, தண்டா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

கடலடியில் குழாயை இறக்கி, அங்குள்ள சேற்றையோ பாறையையோ நீளமான உருளையாக உருவி எடுப்பதைத்தான் ஆங்கிலத்தில் 'கோர்' என்கிறார்கள். ஆழ்கடல் ஆய்வு பற்றிய தம்பியின் கட்டுரையில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல் என்ற பேச்சைத் தொடர்கிறேன்.

> கட்டுரையில் 'கோர்' என்று வருகிற இடமெல்லாம் 'உள்ளக மாதிரி' என்று போட்டிருக்கிறேன். 'கடல் துளையிடல்' என்பதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

எனக்கு உண்டு, தம்பி. இரண்டுக்குமே உண்டு.

முதலில் உள்ளகம். பள்ளிப் புத்தகத்தில் கருவம் என்று படித்திருந்தாலும் சரி, வேறெங்கோ உள்ளகம் என்று படித்திருந்தாலும் சரி, அந்தச் சொல்லைக் கேட்டதும் பூமியின் நட்டநடுவில் இருக்கிற இரும்பும் நிக்கலும்தான் நினைவுக்கு வரும். 2023இல் ஜாய்டீஸ் ரெசல்யூஷன் என்னும் ஆய்வுக் கப்பல் (2024 வரை துளையிடும் பயணங்களில் இருந்தது) நடு அட்லாண்டிக்கில் அட்லாண்டிஸ் மாசிஃப் என்னும் கடலடி மலையில் 1,268 மீட்டர் துளைத்து, பூமியின் மேலோட்டுக்கும் உள்ளகத்துக்கும் இடையே இருக்கும் கவச அடுக்கைச் சேர்ந்த பாறையை மேலே கொண்டுவந்தது. அதை நீங்கள் 'கவசப் பாறையின் உள்ளக மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்தது கவசத்தையா உள்ளகத்தையா என்று படிக்கிறவர் குழம்பாமல் என்ன செய்வார்? பூமியின் அடுக்குகளைப் பற்றிப் பேசும் துறையிலேயே ஓர் அடுக்கின் பெயரை இன்னொன்றுக்கும் கொடுத்தால் இந்த வம்பு வரத்தான் செய்யும்.

'மாதிரி' அதைவிட மோசம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கப்பலின் மேல்தளத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இந்தச் சொல்லை முடிவு செய்ய முடியாது.

அந்தக் கப்பலின் நடுவில் நீர்மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கு மேல் எழும் இரும்புக் கோபுரம். அதிலிருந்து குழாய்களை ஒன்றோடொன்று திருகி இறக்கிக்கொண்டே போகிறார்கள். கடல்தரை மூன்று, நான்கு கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில் கிடக்கும், நங்கூரம் எல்லாம் எட்டாது. கப்பலுக்குக் கீழே 12 உந்துவிசிறிகள் மாறிமாறிச் சுழன்று அதை அசையாமல் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கின்றன. தரை மென்மையான சேறாக இருந்தால் நீரழுத்தத்தைக் கூட்டி விடுவிக்க, உள்ளே இருக்கும் வெறுங்குழல் ஒரே பாய்ச்சலில் 9.5 மீட்டர் வரை சேற்றில் இறங்கிவிடும். பிறகு கம்பிவடத்தில் மாட்டி, அதே குழாய்க்குள்ளேயே மேலே இழுப்பார்கள். 'கோர் ஆன் டெக்' என்று அறிவிப்பு வரும், தலைக்கவசம் போட்ட ஆட்கள் வரிசையாக நின்று அந்த நீளமான பிளாஸ்டிக் உறையைத் தூக்கி வருவார்கள். 1.5 மீட்டர் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டிலும் மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு நிறமில்லாத மூடி. யாராவது நடுவில் ஒரு வட்டத்தை முழுசாக அறுத்து எடுத்திருந்தால் அந்த இடத்தில் மஞ்சள் மூடி.

மூடிக்கு எதற்கு இத்தனை கெடுபிடி என்றால், மேல் எது கீழ் எது என்பது தெரியாமல் போனால் எல்லாம் போச்சு. 1968இல் குளோமர் சேலஞ்சர் என்னும் ஆய்வுக் கப்பல் தென் அட்லாண்டிக்கில் வரிசையாகத் துளைத்துக்கொண்டு போனபோது, நடுக்கடல் மலைத்தொடரை விட்டு விலக விலக, எரிமலைப் பாறையை ஒட்டி அடியில் கிடந்த படிவின் வயது கூடிக்கொண்டே போனது. கடல்தரை விரிகிறது என்பதற்கு அதுதான் அசைக்க முடியாத சான்று. 'அடியில் கிடந்த' என்ற அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் சான்றும் இல்லை. அதேபோல 2003இல் நமீபியாவுக்கு மேற்கே வால்விஸ் என்னும் கடலடி முகட்டில் எடுத்ததைப் பாருங்கள்: அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு வந்தால், நுண்ணுயிர் ஓடுகளால் ஆன வெளிர்நிறச் சேறு வந்துகொண்டே இருக்கும், திடீரென்று கத்தியால் கோடு போட்ட மாதிரி செங்காவிக் களிமண், அதற்கு மேல் நிறம் மெதுவாக மீண்டும் வெளுக்கும். ஏறக்குறைய 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றிலும் கடலிலும் கரிமம் ஒரேயடியாகக் கூடி, பூமி 5 டிகிரிக்கு மேல் சூடேறி, கடல்நீர் அமிலத்தன்மை அடைந்து சுண்ணாம்பு ஓடுகளையெல்லாம் கரைத்துவிட்டது. கரையாத களிமண் மட்டும் மிஞ்சியது. அதே சேற்றை ஒரு வாளியில் அள்ளி வந்திருந்தால் அதில் இந்தக் கதை இருந்திருக்காது.

ஆக, எடுத்து வருவது அடுக்கு குலையாத ஒரு நீளம். அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கைபடாமல் காப்பகத்துக்கு வைத்துவிட்டு, மற்றப் பாதியிலிருந்து சின்னக் கரண்டியாலும் ஊசியில்லாத சிரிஞ்சாலும் கிள்ளி எடுக்கிறார்களே, அதுதான் மாதிரி. முழுசையும் மாதிரி என்று சொல்லிவிட்டால் 'மாதிரியிலிருந்து மாதிரி எடுத்தனர்' என்று எழுத வேண்டிவரும். தம்பியின் நான்காம் பத்தியில் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது.

> 'காழ்' என்ற பழஞ்சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா, இந்தப் பரிந்துரையைப் படித்ததும் எனக்கும் சபலம் தட்டியது. உள்ளே காழ் உள்ளது மரம், வெளியே காழ் உள்ளது புல் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்துக் காட்டும் அழகே தனி. ஆனால் காழ் என்பதில் கெட்டித்தன்மை பிரிக்க முடியாமல் இருக்கிறது. ஆழ்கடல் தரையின் மேல் 100 மீட்டர் பெரும்பாலும் விரல் வைத்தால் குழிகிற சேறு. அதைக் காழ் என்பது, சொல்லுக்கே அநியாயம். இன்னொரு தொல்லை, இன்றைய வாசகருக்குக் காழ் என்றதும் காழ்ப்புணர்ச்சிதான் காதில் விழும். மரங்களில் வளையம் எண்ணுவதற்காகத் துளைத்து எடுக்கிறார்களே, அந்த இடத்துக்குக் காழை வைத்துக்கொள்ளலாம், அங்கே பொருந்தும்.

என் பரிந்துரை தண்டு. வாழை மரத்தில் மட்டையை உரித்து உரித்துப் போட்டால் உள்ளே வெள்ளையாக, உருளையாக, மெத்தென்று ஒன்று மிஞ்சுமே, அதற்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? உள்ளே இருப்பது, உருட்டானது, முழுநீளமாக உருவி எடுப்பது, வட்டவட்டமாக அறுக்கலாம், கெட்டியாக இருக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய குணம் எல்லாம் அந்தச் சொல்லில் இருக்கிறது. படிவுத்தண்டு, பாறைத்தண்டு, பனித்தண்டு என்று சேர்த்துச் சொல்லவும் வாகாக இருக்கும். அண்டார்க்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் 8 லட்சம் ஆண்டுப் பனியை எடுத்தார்களே, அதைப் பனித்தண்டு என்றால் ஒரு விளக்கமும் தேவைப்படாது.

> தண்டு என்றால் ஷாஃப்ட். உந்துதண்டு (பிஸ்டன்), வணரித்தண்டு (கிராங்க் ஷாஃப்ட்) எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. 'பிஸ்டன் கோர்' வந்தால் என்ன செய்வீர்கள், உந்துதண்டுத் தண்டு என்பீர்களா?

பொறியாளர் நண்பரின் கேள்வி நியாயமானது, சிரிப்பும் வந்தது. ஆனால் கப்பலிலேயே இதற்கு வழி இருக்கிறது. எடுத்த ஒவ்வொரு தண்டுக்கும் ஒட்டும் சீட்டில் அது எப்படி எடுக்கப்பட்டது என்று ஓரெழுத்துக் குறி போடுவார்கள், பிஸ்டனால், அதாவது மேலே சொன்ன நீரழுத்தப் பாய்ச்சலால், எடுத்ததற்கு அங்கே பிஸ்டனின் முதலெழுத்து வராது, நீரழுத்தம் என்பதைக் குறிக்கும் 'எச்' வரும். சுழற்றி வெட்டியதற்கு 'ஆர்'. நாமும் அவர்கள் வழியிலேயே நீரழுத்தத் தண்டு, சுழல்வெட்டுத் தண்டு என்று சொல்லிவிடலாம். பிஸ்டனுக்குத் தமிழ் என்ன என்ற சண்டையை இயந்திரவியல் இழைக்கு விட்டுவிடுவோம்.

துளைக்கும் குழாய்த்தொடரையும் தண்டு என்று குழப்பிக்கொள்வார்களே என்றும் அவர் கேட்டிருந்தார். போர்வெல்காரர்கள் அதை ராடு என்கிறார்கள், ஆனால் உள்ளே வெற்றிடம் உள்ளதைத் தமிழில் குழாய் என்றே சொல்லலாம். தண்டைப் பிடிக்கும் உட்குழாய் தண்டுக்குழல். கீழ்முனையில் விரல்விரலாக மடங்கி, பிடித்ததைக் கீழே நழுவவிடாமல் வைத்திருக்கும் அந்தப் பல் அமைப்புக்குத் தண்டுப்பிடி. அந்தப் பிடியில் ஒட்டிக்கொண்டு வரும் கொஞ்சூண்டு சேற்றைத்தான் நுண்புதைபடிவ ஆள் முதலில் வாங்கிக்கொண்டு ஓடுவார். அதில் இருக்கும் ஃபோராம், டயட்டம் என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகளைப் பார்த்து, இத்தனை கோடி ஆண்டுக்கு வந்துவிட்டோம் என்று துளைத்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுவார். அதனால் இந்தச் சொல் கட்டுரைகளில் அடிக்கடி வரும், நல்லதாக ஒன்று வைத்துவிடுவது உத்தமம்.

இனி துளையிடல். நம் ஊரில் அபார்ட்மென்ட் சுவரில் ஏசி குழாய்க்காக 'கோர் கட்டிங்' செய்கிறார்கள்; அங்கே வேண்டியது ஓட்டை, விழுகிற கான்கிரீட் உருளையைக் குப்பையில் போடுகிறார்கள். போர்வெல்லிலும் அப்படித்தான், பாறை பொடியாகிக் காற்றோடு வெளியே வந்துவிடும், வேண்டியது ஓட்டை. எண்ணெய்க் கிணறும் அதே இனம்தான். ஆய்வுக் கப்பலில் கதை தலைகீழ்: ஓட்டையைக் கடலிலேயே விட்டுவிட்டு, உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படிப்பட்ட வேலைக்கு ஓட்டையை வைத்துப் பெயர் வைப்பானேன்? ஆகவே 'கடலடித் தண்டெடுப்பு'. சில துளைகளில் பிற்பாடு வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் பொருத்தி வருடக்கணக்கில் அளக்கிறார்கள் என்பதும் உண்மை. அந்த இடத்தில் துளை என்றே சொல்லலாம், யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

இதில் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 'வங்கக்கடலில் துளையிட்டனர்' என்று தலைப்பு வைத்தால் நம் வாசகர் எதை நினைப்பார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை, டெல்டாக்காரர்கள் ஹைட்ரோகார்பன் என்ற சொல்லோடு பட்ட பாடு அப்படி. ஆய்வுத் துளையிடலில் எண்ணெயும் வாயுவும் இருக்கக்கூடிய இடத்தைப் பார்த்து ஒதுங்குவதே வழக்கம், இதற்கென்றே பாதுகாப்புக் குழு உட்கார்ந்து ஒவ்வோர் இடத்தையும் சலிக்கிறது. பீறிட்டு வந்தால் அடக்குவதற்கான அமைப்பு ஜாய்டீஸ் ரெசல்யூஷனில் வழக்கமான பயணங்களில் இருந்ததில்லை. அதற்காக அந்தக் கப்பலைப் பரிசுத்த ஆத்மா என்றும் சொல்லிவிட வேண்டாம். 1978இல் எண்ணெய் தேடத்தான் அதைக் கட்டினார்கள், 2006இல் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் இந்தியாவுக்காக மீத்தேன் ஹைட்ரேட் (பனிக்கட்டி போல் உறைந்து கிடக்கும் மீத்தேன்) தேடவும் போயிருக்கிறது. அதைத் துளையிடல் என்றே எழுதுங்கள், அங்கே அதுதான் சரி.

தம்பியின் கட்டுரையில் வங்கக்கடல் பகுதி ரொம்ப சுருக்கமாக இருக்கிறது, அதைக் கொஞ்சம் நீட்டலாம். 2015இல் கன்னியாகுமரியின் அட்சரேகையைக் கிழக்கே நீட்டினால் இலங்கையைத் தாண்டி வருகிற கடலில், ஏறக்குறைய 8 டிகிரி வடக்கில், ஒரே கோட்டில் ஏழு இடங்களில் தண்டெடுத்தார்கள். அங்கே கிடப்பது இமயமலை. கங்கையும் பிரம்மபுத்திராவும் அரித்துக் கொண்டுவந்து கொட்டியது கடலுக்கு அடியில் சரிந்து சரிந்து இவ்வளவு தெற்கே வந்து படிந்திருக்கிறது. ஒவ்வொரு சரிவும் ஓர் அடுக்கை விட்டுப் போகும். அடியில் மணல், மேலே போகப் போக நைசான களிமண். மலை எப்போது எவ்வளவு அரிபட்டது, அப்போது பருவமழை எப்படி என்பதை இந்த அடுக்குகளை வரிசையாகப் படித்துத்தான் கணிக்கிறார்கள். அந்த இடத்தில் நீங்கள் 'வண்டல்' என்று போட்டிருப்பது பொருத்தம், ஆறு கொண்டுவந்ததுதானே. ஆனால் வால்விஸ் முகட்டுக்கும் அதே வண்டலைப் போட்டிருக்கிறீர்கள். அங்கே ஆறு ஏது? மேலே மிதந்த உயிர்கள் செத்து ஓடுகள் கீழே இறங்கிச் சேர்ந்தது அது. பொதுச்சொல்லாகப் படிவு என்று வைத்துக்கொண்டு, ஆறு வருகிற இடத்தில் மட்டும் வண்டல் என்று எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு தண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எப்போதும் கொஞ்சம் விட்டுப்போகும். அதனால் பக்கத்திலேயே இரண்டாவது, மூன்றாவது துளை போட்டு, ஒன்றில் விட்டதை இன்னொன்றிலிருந்து எடுத்துப் பொருத்தி இடைவெளி இல்லாத ஒரே வரிசை ஆக்குவார்கள். 2020இல் வெளியான 6.6 கோடி ஆண்டுத் தட்பவெப்பப் பதிவு இப்படிப் பல கடல்களில் பொருத்தியவற்றை மேலும் இணைத்து உண்டாக்கியதுதான். இந்தப் பொருத்திய வரிசையைத் தம்பி 'கூட்டுப் பதிவு' என்கிறார். எனக்கு 'ஒட்டுத்தண்டு' என்று தோன்றுகிறது, ஒட்டுமாங்கன்று என்கிறோமே அந்த ஒட்டு. ஆனால் தாவரவியல்காரர்கள் ஒட்டுக்கட்டும் தண்டுக்கு இதே சொல்லைக் கேட்டால் தகராறு வரும். ஐயாவும் பொறியாளர் நண்பரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.