மாலத்தீவு: எல்லோரும் வெலானாவில்தான் இறங்க வேண்டுமா?

கடலோடி:
2024இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்த மாலத்தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 லட்சம்தான். இத்தனை சிறிய நாடு, தலைநகர் மாலேயை அடுத்த ஹுல்ஹுலே தீவிலுள்ள வெலானா பன்னாட்டு விமான நிலையத்தில் 3,400 மீட்டர் ஓடுபாதையையும், ஆண்டுக்கு 75 லட்சம் பேரைக் கையாளும் புதிய முனையத்தையும் (2025 ஜூலையில் திறக்கப்பட்டது) அமைத்திருக்கிறது. இவ்வளவு செலவிட்ட பிறகு வடக்கிலும் தெற்கிலும் வேறு பன்னாட்டு விமான நிலையங்களை வளர்ப்பது, வெலானாவுக்கு வரவேண்டிய பயணிகளைப் பங்குபோடுவதாகவே முடியும்.

வடகரை:
முனையத்தின் கொள்ளளவு பயணத்தைச் சுருக்கிவிடாது. பயணிகளைத் தீவுகளுக்கு ஏற்றிச்செல்லும், நீரில் இறங்கும் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறப்பதால், மாலையில் வெலானாவில் இறங்கும் ஒருவருடைய ரிசார்ட் தொலைதூரத் தீவில் இருந்து, உள்நாட்டு விமானமும் விசைப்படகும் நேரத்துக்குப் பொருந்தி வராவிட்டால், அவர் அருகிலுள்ள ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவைக் கழித்துவிட்டு மறுநாள்தான் புறப்பட இயலும். இதனால் ஹுல்ஹுமாலே விடுதிக்காரர்களுக்கு மட்டும் ஆதாயம் உண்டு. வடக்கிலிருந்து தெற்குவரை 800 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நாட்டுக்கு ஒரே வாசல் எப்படிப் போதும்?

கடலோடி:
அந்த ஒரே வாசல்தான் வளைகுடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பெரிய விமானங்களை வரவழைக்கிறது. இறங்குவோர் பல தீவுகளுக்குப் பிரிந்து செல்வதால்தான் ஒரு விமானம் நிறைகிறது. ஒரு வட்டாரத்து ரிசார்ட்டுகளை மட்டும் நம்பி எந்த நிறுவனமும் நாள்தோறும் வராது. உலகின் மிகப் பெரிய கடல் விமான நிறுவனமான டிரான்ஸ் மால்தீவியன் ஏர்வேஸ் வெலானாவை ஒட்டி இயங்குவதும் இதனால்தான்.

வடகரை:
பெரிய விமானங்களை நான் கேட்கவில்லை. இந்தியக் கடனுதவியுடன் விரிவாக்கப்பட்ட வடக்கின் ஹனிமாதூ விமான நிலையம், ஏ320, போயிங் 737 போன்ற நடுத்தர விமானங்களுக்கு உரியது. அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மால்தீவியன் நிறுவனம் பல ஆண்டுகள் சிறிய விமானங்களை இயக்கியது. மருத்துவத்துக்காக வடபகுதித் தீவினர் அதில் சென்றார்கள். நீங்களோ சுற்றுலாப் பயணிகளை மட்டுமே கணக்கில் கொள்கிறீர்கள்.

அலையாத்தி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வெலானாவில் பெரிய விமானங்களுக்கு இருப்பது ஒரே ஓடுபாதை. அது திடீரென மூடப்பட்டால், வரும் விமானம் கொழும்புக்கோ திருவனந்தபுரத்துக்கோ திரும்ப வேண்டியிருக்கும். அதற்கான எரிபொருளையும் கூடுதலாகச் சுமந்தே வரவேண்டும். வடக்கே ஹனிமாதூவும், பிரிட்டிஷ் விமானப்படை 1976இல் விட்டுச்சென்ற தெற்கின் கான் தீவு நிலையமும் தயார்நிலையில் இருப்பது வெலானாவுக்கே நல்லது.

கடலோடி:
மாற்று இறங்குதளம் என்ற அளவில் ஏற்கிறேன். ஆனால் அதற்குத் தேவை ஓடுபாதை, விளக்குகள், தீயணைப்புப் பிரிவு, எரிபொருள் ஆகியவைதாம்; ஆண்டுக்குப் பல லட்சம் பேருக்கான முனையம் அன்று.