செம்பூர் குடும்பக் குழு: அப்பாவின் தாடை வீக்கம்

லலிதா: இவருக்கு வலது தாடைக்கு அடியில் மறுபடியும் வீக்கம். வடா பாவ் ஒரு கடி கடித்ததும் வலி. ஒரு மணி நேரத்தில் தானாக வடிந்துவிட்டது. பல்லில் ஒன்றும் இல்லை என்கிறார் பல் டாக்டர்.

ரமேஷ்: லலிதா, பொன்னுக்கு வீங்கியோ என்னவோ. வேப்பிலை பத்துப் போட்டுப் பார்.

மீனா: மாமா, அது நாள்கணக்கில் வீங்கியே கிடக்கும். பத்து வேண்டாம். சித்தி, சாப்பிடும்போது மட்டும் வீங்குகிறதென்றால் எச்சில் குழாயில் கல் இருக்கலாம். எங்கள் காது மூக்கு தொண்டை வார்டில் நிறையப் பார்க்கிறோம்.

லலிதா: எச்சிலில் கல்லா! பால், தயிரை நிறுத்திவிடட்டுமா?

மீனா: அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தாராளமாகச் சாப்பிடட்டும். தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியின் எச்சில் கொஞ்சம் கெட்டி. குழாயும் மேல்நோக்கி ஏறி நாக்கடியில் திறக்கிறது. அதனால் தேங்கிப் படிந்துவிடும். எச்சில் கற்களில் 80 சதவீதத்துக்கு மேல் அங்கேதான். சாப்பாட்டைக் கண்டதும் எச்சில் ஊறும், போக வழியில்லாமல் வீங்கும்.

ஆனந்த்: என்ன ஸ்கேன் அக்கா?

மீனா: முதலில் டாக்டர் வாய்க்குள் விரல் விட்டுத் தடவிப் பார்ப்பார். அப்புறம் அல்ட்ராசவுண்ட். 2 மி.மீ.க்குக் குறைந்த கல் அதில் தப்பலாம், சந்தேகமிருந்தால் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். எக்ஸ்ரேயில் எல்லாக் கல்லும் தெரியாது.

லலிதா: போன வாரம் பார்த்த டாக்டர் சுரப்பியையே எடுத்துவிடலாம் என்றார். பயமாக இருக்கிறது மீனா.

மீனா: ஸ்கேன்கூட எடுக்காமலா? ஒத்துக்கொள்ளாதீர்கள் சித்தி. அது கடைசி வழி. கழுத்தில் கீற வேண்டும், கீழுதட்டை அசைக்கும் நரம்பு பக்கத்திலேயே போகிறது. 4 மி.மீ.க்குள் இருக்கும் கல்லைப் பெரும்பாலும் கேமரா வைத்த மெல்லிய எண்டோஸ்கோப்பை எச்சில் குழாய்க்குள் விட்டு, குட்டிக் கூடையில் பிடித்து எடுத்துவிடலாம். பெரிய கல் குழாயின் முன்பக்கம் இருந்தால் வாய்க்குள்ளேயே கீறி எடுப்பார்கள், வெளியே தழும்பு வராது. கல் போய்விட்டால் சுரப்பி பெரும்பாலும் தேறிவிடும். எச்சில் குழாய் எண்டோஸ்கோப் செய்பவரா என்று கேட்டுவிட்டே போங்கள்.

பாட்டி: மாப்பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் கொடுக்கலாமா?

மீனா: கொடுங்கள் பாட்டி, எச்சில் ஊறினால் சின்னக் கல் தானாக வரலாம். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். காய்ச்சல் வந்தாலோ நாக்கடியில் சீழ் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமமென்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

ஆனந்த்: நாளைக் காலை லோக்கல் ரயிலில் கூட்டம் ஏறுவதற்குள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

மீனா: மாத்திரைச் சீட்டை மறக்காதே. சித்தப்பா ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் அல்லவா? டாக்டரிடம் முதலில் அதைச் சொல். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

லலிதா: சரிம்மா. சீட்டை இப்போதே பையில் வைக்கிறேன்.