புதுப்பிப்பு: தோல் உரிந்த டாட்டூ, 3 கிழமைக்குப் பிறகு

முன்கையில் டாட்டூ குத்தி ஐந்தாம் நாள் தோல் உரிகிறது, மையும் கூடவே போகிறது, பழுதாகிவிட்டதோ என்று கேட்டிருந்தேன். இல்லை. உரிந்தது மேல்தோல்தான், மை அதற்குக் கீழ் அடுக்கில் நிற்கிறது. வெங்காயச் சருகு போலக் கறுப்புத் துணுக்குகள் சேர்ட்டுக் கையில் ஒட்டியிருந்ததைக் கண்டுதான் பயந்துபோனேன்.

என் பிழை வேறு: களிம்பை அள்ளிப் பூசியது. யாழ்ப்பாணத்து வெயிலில் வியர்வையும் சேர, சின்னச் சின்னப் பருக்கள் போட்டன. அப்புறம் மணமில்லாத சவர்க்காரத்தால் கழுவி, துவாயை விட்டு டிசுவால் ஒற்றியெடுத்து, பயறளவு மட்டும் பூசினேன், அடங்கிவிட்டது. அம்மம்மா மஞ்சளோடு வந்தார், கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். கடித்தால் சொறிவதில்லை, மெல்லத் தட்டுகிறேன்.

தோலில் இன்னும் ஒரு மினுக்கம் இருக்கிறது, முழுதாக ஆறவில்லை என்று அர்த்தம். அது போகும்வரை கீரிமலைக் கேணியில் தம்பி மட்டும் பாயட்டும், நான் கரையில் உடுப்புக் காவல்.